சிட்னியில் லெபனான் உணவகம்: எட்டுப் பேருக்கு என்ன ஆர்டர் செய்வது?

கோவைக்கிளி எழுதியது:

வணக்கம். அடுத்த சனிக்கிழமை இரவு எட்டுப் பேர் வெளியே சாப்பிடப் போகிறோம். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். ஹாரிஸ் பார்க்கில் தோசையும் பனீர் பட்டர் மசாலாவும் சாப்பிட்டு அவர்களுக்கே அலுத்துவிட்டது. "இதைத் திங்கவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று மாமனார் கேட்டுவிட்டார். வீட்டுக்காரர் லெபனான் சாப்பாடு போகலாம் என்கிறார். எனக்குத் தெரிந்த லெபனான் சாப்பாடு கிரான்வில்லில் கரி அடுப்பில் சுட்ட கோழியும் ஸ்டேஷன் வாசல் கபாப்பும்தான்.

சிக்கல் என்னவென்றால், மாமியார் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. நானும் மகளும் சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவோம். மாமனார் கோழி, ஆடு சாப்பிடுவார், மாடு கூடாது. கூட வரும் நண்பர் குடும்பத்துக்கு ஹலால் கட்டாயம். மெனுவை நெட்டில் பார்த்தால் பக்கம் பக்கமாக ஓடுகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. ஆளுக்கு ஒன்று சொல்வதா, பாங்க்வெட் என்று தலைக்கு இவ்வளவு எனப் போட்டிருப்பதை எடுப்பதா? கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

காரசாரம் எழுதியது:

கைப்பையில் ஒரு பாட்டில் ஆவக்காய் ஊறுகாய் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் என் ஆலோசனை. எலுமிச்சை, எண்ணெய், பூண்டு, இதைத் தவிர வேறு ருசியே தெரியாத சாப்பாடு அது.

யாழ்_மேரிலேண்ட்ஸ் எழுதியது:

காரசாரம் தம்பி சொல்வதைக் கேட்காதேங்கோ. நாங்கள் மேரிலேண்ட்ஸில் இருப்பதால் மாதத்தில் ஒரு கிழமையாவது லெபனான் கடைச் சாப்பாடுதான். எட்டுப் பேர் என்றால் பாங்க்வெட் எடுப்பதுதான் சுகம். மெனுவை வைத்துக்கொண்டு மேசையில் பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. அவர்களே ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து வைப்பார்கள், கடைசியில் கோப்பியும் பக்லாவாவும் வரும். பிள்ளைகளுக்குப் பொரித்த உருளைக்கிழங்கு தனியாகச் சொல்லலாம். முடிந்தது அலுவல்.

முன்னாள்_கிச்சன்கை எழுதியது:

யாழ் அண்ணா மன்னிக்கவும், இந்த மேசைக்கு பாங்க்வெட் சரிவராது.

மாணவனாக இருந்த காலத்தில் பாங்க்ஸ்டவுன் பக்கம் ஒரு லெபனான் உணவகத்தின் சமையலறையில் வேலை பார்த்தேன். பாங்க்வெட் என்பது கறி சாப்பிடுகிறவர்களை வைத்துப் போட்ட கணக்கு. முதல் சுற்றில் ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), பாபா கனூஷ் (சுட்ட கத்தரிக்காய் மசியல்), தபூலே (பார்ஸ்லி சாலட்), கூடவே ரொட்டி. கடைக்கு இதெல்லாம் மலிவு, சாப்பிடுகிறவருக்கு வயிறு நிறைந்துவிடும். அப்புறம்தான் கம்பியில் சுட்ட கறி மூன்று வகை வரும். அசைவக்காரருக்கு அது லாபம். சைவக்காரர் முதல் சுற்றோடு நின்றுவிடுவார், ஆனால் தலைக்குப் பணம் ஒன்றுதான். பல கடைகளில் மேசையில் உள்ள எல்லாரும் பாங்க்வெட் எடுத்தால்தான் தருவார்கள். சைவ பாங்க்வெட் என்று தனியாக இருந்தாலும் பாருங்கள், ஃபலாஃபெலும் (கடலை வடை) வறுத்த காலிஃபிளவரும் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

மெனுவைப் பார்த்து மிரள வேண்டாம். அத்தனை பக்கத்தில் முக்கால்வாசி மெஸ்ஸே, அதாவது நடுவில் வைத்து எல்லாரும் கை நீட்டிச் சாப்பிடும் சின்னத் தட்டுகள். நம்மவர்கள் அதை ஸ்டார்ட்டர் என்று நினைத்து ஒன்றிரண்டு சொல்லிவிட்டு, 'மெயின்' எங்கே என்று தேடுகிறார்கள். லெபனான் குடும்பங்கள் வந்தால் நேர் எதிர். மேசையில் இடமில்லாத அளவுக்கு மெஸ்ஸே வரும், இரண்டு மணி நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு பேசுவார்கள், கறி வரும்போது ஆளுக்கு ஒரு துண்டு எடுப்பார்கள். சாப்பாடே மெஸ்ஸேதான், கறி அதற்குப் பின்னிணைப்பு. மாமியாருக்கு இதைவிட நல்ல இடம் சிட்னியில் கிடைக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

எட்டுப் பேருக்கு நான் ஆர்டர் செய்தால் இப்படிச் செய்வேன். உட்கார்ந்ததும் ஆறிய தட்டுகள் மட்டும்: ஹம்முஸ் இரண்டு, பாபா கனூஷ் ஒன்று, லப்னே ஒன்று (வடிகட்டிய கெட்டித் தயிர், மேலே ஆலிவ் எண்ணெய்), ஃபத்தூஷ் ஒன்று (ரொட்டித் துண்டு போட்ட சாலட்), தபூலே ஒன்று, எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ் இருந்தால் அது ஒன்று. இதை வைத்துவிட்டு மெனுவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பாதி காலியானதும் சூடான தட்டுகள்: ஃபலாஃபெல், கீரை வைத்த ஃபதாயெர், சீஸ் வைத்த சம்பூசக் (இரண்டும் சமோசா மாதிரி), பதாத்தா ஹர்ரா (கார உருளைக்கிழங்கு). கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தட்டு பொரித்த கிப்பே (கொத்துக்கறியும் கோதுமை ரவையும் சேர்ந்த உருண்டை). அதன்பிறகும் பசி இருந்தால் ஷிஷ் தாவூக் (கம்பியில் சுட்ட கோழி), ஆட்டுக்கறி கலந்து ஒரே ஒரு பெரிய தட்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒரே மூச்சில் வந்து இறங்கும். சூடானது ஆறி, ஆறியது காய்ந்து, நடுவில் தண்ணீர் டம்ளர் வைக்க இடம் இருக்காது.

கோவைக்கிளி எழுதியது:

ரொம்ப நன்றி. ஹம்முஸ் இரண்டு எதற்கு? வூல்வர்த்ஸ் டப்பாவில் வாங்கியதை என் வீட்டில் யாரும் தொடவில்லை.

முன்னாள்_கிச்சன்கை எழுதியது:

டப்பா ஹம்முஸை வைத்து முடிவு கட்டாதீர்கள். நல்ல கடையில் கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் மாவாகிற பதம் வரை வேகவிடுவார்கள். அப்புறம் தஹினி, எலுமிச்சை, பூண்டு, உப்பு. தஹினி என்றால் அரைத்த எள் விழுது. அரைக்கும்போது ஐஸ் கட்டி போடுவார்கள், அதில்தான் அந்த வெளுப்பும் வழவழப்பும் வருகிறது. தட்டில் கரண்டியின் பின்புறத்தால் சுற்றி, நடுவில் குழி செய்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வந்தால் கெட்டியாக, சில்லென்று இருக்கும். அப்படி வந்தால் அந்தக் கடையில் மற்றதிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

ரொட்டி இன்னொரு அடையாளம். பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துப் போட்ட ரொட்டி எல்லாக் கடையிலும் உண்டு, அது குற்றமில்லை. ஆனால் அடுப்பிலிருந்து உப்பிக்கொண்டு வரும் ரொட்டி தருகிற கடை கிடைத்தால் விடாதீர்கள்.

காரசாரம் எழுதியது:

இத்தனை விளக்கத்துக்கு அப்புறமும் ஒன்று கேட்கிறேன், காரம் எங்கே? கொத்தமல்லிக்கட்டு மாதிரி இருக்கும் பார்ஸ்லியைப் பச்சையாக நறுக்கிக் கொடுத்து சாலட் என்கிறார்கள். ஆடு மேய்கிற உணர்வுதான் வருகிறது.

எட்ஜ்வேர்வாசி எழுதியது:

லண்டனிலிருந்து எழுதுகிறேன். காரசாரம், உங்கள் பிரச்சினை நாக்கு அல்ல, நீங்கள் தேடுகிற இடம். நமக்கு மிளகாய் எப்படியோ அப்படி அவர்களுக்குப் புளிப்பு. அதிலும் ஒரே புளிப்பு இல்லை. தபூலேயில் எலுமிச்சை. ஃபத்தூஷில் சுமாக் என்ற சிவப்புக் காயின் பொடி, கூடவே மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய பாகு. லப்னேயில் தயிரின் புளிப்பு. கீரை ஃபதாயெரில் மறுபடி சுமாக். எட்ஜ்வேர் ரோட்டில் இந்த வேறுபாடு தெரிகிற மாதிரி சமைக்கிற கடைகள் உண்டு, எல்லாவற்றிலும் பாட்டில் எலுமிச்சைச் சாறு ஊற்றுகிற கடைகளும் உண்டு. நீங்கள் போனது இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

தபூலே நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: தட்டு பச்சையாக இருக்க வேண்டும். கோதுமை ரவை நாலு பருக்கை அங்கங்கே தெரிந்தால் போதும். தட்டு வெளுப்பாக, ரவை உப்புமாவில் கீரை தூவியது போல வந்தால் கடைக்காரர் பார்ஸ்லியில் காசு மிச்சம் பிடிக்கிறார்.

முன்னாள்_கிச்சன்கை எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். பார்ஸ்லி நறுக்குவதுதான் அந்தச் சமையலறையில் என் முதல் வேலை. கழுவி, துணியில் உலர்த்தி, கூர்மையான கத்தியால் ஒரே தடவை நறுக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கொத்தினால் சாறு விட்டு நசநசத்துவிடும். கடை முதலாளியின் அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கத்தி மொக்கையாக இருந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்து, நறுக்கியதை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்.

காரம் வேண்டுமானால் கேட்டால் கிடைக்கும். "ஷத்தா இருக்கிறதா" என்று கேளுங்கள், மிளகாய் விழுது கொண்டுவருவார்கள். பதாத்தா ஹர்ரா என்பது உருளைக்கிழங்கைப் பொரித்து மிளகாய், பூண்டு, கொத்தமல்லித் தழையில் புரட்டியது. மாமனாருக்கு அது பிடிக்கும். மீன் சாப்பிடுவார் என்றால் சம்கே ஹர்ரா, வட லெபனானில் உள்ள திரிப்போலி பக்கத்து மீன், தஹினியும் மிளகாயும் சேர்ந்தது. எல்லாக் கடையிலும் இருக்காது.

அபுதாபி_ரிட்டர்ன் எழுதியது:

ஹலால் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். லெபனான் கடை என்றாலே ஹலால் என்று நினைத்துவிடாதீர்கள் தங்கச்சி. அந்த நாட்டில் அரசு அங்கீகரித்த சமயப் பிரிவுகள் மட்டும் 18. மரோனைட் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், சுன்னி, ஷியா, துரூஸ் இருக்கிறார்கள். சிட்னியில் கடை வைத்திருப்பவர் யாராகவும் இருக்கலாம். லக்கெம்பா, பஞ்ச்போல் பக்கம் பெரும்பாலும் ஹலால்தான், அங்கே மதுவும் இருக்காது, கொண்டுபோகவும் விடமாட்டார்கள். மற்ற இடங்களில் போனில் கேட்டுவிடுங்கள். "சிக்கன் மட்டும் ஹலால்" என்று சொல்கிற இடமும் உண்டு, அதனால் ஆட்டுக்கறியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாடு விஷயமும் அப்படித்தான். கஃப்தா, கிப்பே இரண்டும் கொத்துக்கறி. ஆட்டில் செய்வதுதான் வழக்கம் என்றாலும் மாடு கலப்பவர்கள் உண்டு. சுஜுக், மக்கானெக் போன்ற சாசேஜ் வகைகளை மாமனார் தொடவே வேண்டாம். ஷவர்மாவில் கோழி தவிர்த்த எதிலும் சந்தேகம்தான். முழுத் துண்டாகச் சுட்ட ஆட்டுக்கறி, ஷிஷ் தாவூக், இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற கறி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஊரிலிருந்து வந்தவர்கள் "மந்தி இருக்கா, அல்ஃபஹாம் இருக்கா" என்று கேட்பார்கள். மந்தி ஏமன் சாப்பாடு. நம் ஊரில் அரேபியன் ரெஸ்டாரன்ட் என்று திறந்தவை வளைகுடாவுக்குப் போன மலையாளிகள் வழியாக வந்தவை. அதற்கும் பெய்ரூட்டுக்கும் ரொம்ப தூரம்.

கோவைக்கிளி எழுதியது:

அண்ணா, நல்ல வேளை சொன்னீர்கள். மாமனாருக்குத் தெரிந்த ஷவர்மா எங்கள் காந்திபுரம் ஷவர்மாதான், மயோனைஸ் சொட்டச் சொட்ட. அந்த வெள்ளை சாஸில் முட்டை இருக்குமே, மாமியாருக்கு என்ன செய்வது?

முன்னாள்_கிச்சன்கை எழுதியது:

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டு தடை போட்டதே, அந்தத் தொல்லை இங்கே பெரும்பாலும் இல்லை. லெபனான் கடையில் கோழியோடு வருவது தூம். பூண்டு, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய், நான்கே பொருள். பூண்டுப் பல்லைப் பிளந்து நடுவில் இருக்கும் பச்சை முளையை எடுத்துவிட்டு, உப்போடு நைசாக அரைத்து, எண்ணெயை நூல் போல விட வேண்டும். இடையிடையே எலுமிச்சை. பொறுமை இழந்து எண்ணெயை மடமடவென்று ஊற்றினால் பிரிந்துபோய்விடும். ஒழுங்காக வந்தால் பஞ்சு மாதிரி வெள்ளையாக நிற்கும். பாதிப் பேர் அதை முட்டை என்றே நினைப்பார்கள். ஆனால் பிரியாமல் இருக்க முட்டை வெள்ளைக்கரு சேர்க்கும் சமையல்காரர்களும் உண்டு, மாமியாருக்காக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சைவத்துக்கு நான் கேட்கச் சொல்வது இவைதான். சோறு: சேமியாவை வெண்ணெயில் வறுத்து அரிசியோடு சேர்த்துச் செய்வது, தண்ணீருக்குப் பதில் கோழி ஸ்டாக் ஊற்றுகிற கடைகள் உண்டு. பருப்பு சூப்பிலும் அதே கதை. ஃபலாஃபெல்: கிப்பே பொரித்த அதே எண்ணெயில் பொரிப்பார்கள், தனிச் சட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். திராட்சை இலைச் சுருள்: எண்ணெய் போட்டு ஆறவைத்துத் தருவது அரிசி, தக்காளி வைத்த சைவம். சூடாக வந்தால் உள்ளே கொத்துக்கறி. ஹம்முஸிலும் மேலே கறி தூவியது தனியாக ஒன்று உண்டு, மெனுவில் பெயர் நீளமாக இருந்தால் ஜாக்கிரதை.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மரோனைட், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் கறியை விட்டுவிட்டு எண்ணெயில் சமைத்த காய், பருப்பு என்று சாப்பிடுவார்கள். முஜத்தரா என்று கேட்டுப் பாருங்கள், பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து மேலே வெங்காயத்தைக் கருகக் கருக வறுத்துப் போட்டது. மெனுவில் இல்லாவிட்டாலும் சில இடங்களில் செய்து தருவார்கள்.

யாழ்_மேரிலேண்ட்ஸ் எழுதியது:

சரி சரி, பாங்க்வெட்டில் தோற்றுப்போனேன் என்று ஒத்துக்கொள்கிறேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. எட்டுப் பேருக்கு ஒருவர் உட்கார்ந்து எண்ணி எண்ணி ஆர்டர் செய்தால் அந்த ஆள் சாப்பிடவே மாட்டார், சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் கண்ட காட்சி. அசைவக்காரர் மட்டும் உள்ள கூட்டத்துக்கு பாங்க்வெட்டே நல்லது.

கிப்பே நய்யே பற்றிச் சொல்லவேண்டும். பச்சை ஆட்டிறைச்சியைக் கோதுமை ரவையோடு சேர்த்து அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டு, புதினாவும் வெங்காயமும் வைத்துத் தருவது. முதல் தரம் பார்த்தபோது எனக்கும் மனம் ஒப்பவில்லை, இப்போது சனிக்கிழமை என்றால் அதுதான். அன்றன்று வந்த இறைச்சி வேண்டும் என்பதால் பல கடைகளில் வார இறுதியில்தான் போடுவார்கள். வயதானவர்கள், பிள்ளைகள், கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. மற்றவர்களும் தெரிந்த, கூட்டம் அள்ளுகிற கடையில் மட்டும்.

எட்ஜ்வேர்வாசி எழுதியது:

கிப்பே நய்யேக்குத் துணை அரக். சோம்பு மணக்கும் சாராயம், பெக்கா பள்ளத்தாக்கில் சஹ்லே ஊர் இதற்குப் பேர்போனது. முதலில் அரக், அதன்மேல் இரண்டு பங்கு தண்ணீர், கடைசியில்தான் ஐஸ். தண்ணீர் பட்டதும் பால் போல வெளுக்கும். நீங்கள் போகிற கூட்டத்துக்கு இது பொருந்தாது கிளி, பொதுவாகச் சொல்லிவைக்கிறேன். யாரும் தனியாகக் குடித்துவிட்டு எழுந்துபோகிற சரக்கு இல்லை, மெஸ்ஸே தட்டுகள் தீரும்வரை மெல்ல மெல்ல.

ஹாரிஸ்பார்க்_பழையவர் எழுதியது:

இழை நீண்டுவிட்டது, ஒரு பழங்கதையும் சேர்க்கிறேன். இன்று ஹாரிஸ் பார்க் விக்ரம் தெரு என்றால் சாட்டும் தோசையும். ஆனால் அங்கே நம்மவர் கடைகள் வருமுன் லெபனான்காரர்கள்தான் இருந்தார்கள். மரோனைட்டுகளின் லெபனான் மாதா பேராலயம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1975 முதல் 1990 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தப்பி வந்தவர்கள் கிரான்வில், மேரிலேண்ட்ஸ், பாங்க்ஸ்டவுன், லக்கெம்பா என்று குடியேறினார்கள். அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவர்கள் ரெட்ஃபெர்ன் பக்கம் இருந்தார்கள். அப்போது லெபனான் என்று தனி நாடு கிடையாது, ஒட்டோமான் ஆட்சி, இங்கே அவர்களைச் 'சிரியர்கள்' என்று எழுதினார்கள். தலையில் மூட்டையோடு ஊர் ஊராகத் துணி, ஊசி, நூல் விற்றார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எந்தக் கடைக்குப் போவது என்று கிளி முடிவு செய்ய வேண்டுமே, அதற்கு இதுதான் விடை. சிட்டி துறைமுகப் பக்கம் விளக்கலங்காரத்தோடு நடத்துகிற லெபனான் உணவகங்களும் இருக்கின்றன, சாப்பாடு மோசமில்லை. ஆனால் மேற்குப் புறத்தில் பாட்டி, பேரன் என்று லெபனான் குடும்பங்களே மேசை பிடித்து உட்கார்கிற கடைதான் எனக்கு நம்பிக்கை. அங்கே ருசி குறைந்தால் பாட்டிகள் சும்மா விடமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. சனி இரவு பெரிய கடைகளில் இரண்டு ஷிஃப்ட் வைத்திருப்பார்கள். பின் ஷிஃப்டில் பாட்டும் தர்புக்கா மேளமும் வயிற்றாட்டமும் உண்டு, பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. வயதானவர்களோடு போகிறீர்கள், மாலை 6 மணி மேசை கேளுங்கள்.

காரசாரம் எழுதியது:

வயிற்றாட்டம் இருக்கிறதா? இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஊறுகாய் பற்றிப் பேசியே இருக்க மாட்டேன்.

கோவைக்கிளி எழுதியது:

போய்விட்டு வந்தோம். கடையின் பெயர் சொல்லவில்லை, காரணம் கீழே வருகிறது.

6 மணிக்கே போனதால் சத்தம் இல்லை. கிச்சன்கை சொன்னபடி இரண்டு சுற்றாக ஆர்டர் செய்தேன். பரிமாற வந்தவர், "இவ்வளவுதானா, எட்டுப் பேருக்குப் போதாதே" என்று இரண்டு தடவை கேட்டார், அசையவில்லை. மாமியார் பாபா கனூஷை முதலில் முகர்ந்து பார்த்தார். கத்தரிக்காயைத் தீயில் சுட்ட வாசனை அவருக்குப் பிடிபட்டுவிட்டது, அந்தத் தட்டை அவர் பக்கமே இழுத்து வைத்துக்கொண்டார். லப்னேயும் பிடித்தது. பதாத்தா ஹர்ராவை மாமனாரும் என் மகனும் போட்டி போட்டார்கள். தபூலே பாதி மிஞ்சியது. ஃபலாஃபெலுக்குத் தனிச் சட்டி இருந்தது.

கசப்பு சோற்றில் வந்தது. ஃபோனில் கேட்டபோது "வெஜிட்டேரியன்" என்றார்கள். மேசையில் வைத்து மாமியார் இரண்டு வாய் சாப்பிட்டபிறகு நான் மறுபடி கேட்டேன், அப்போதுதான் உள்ளே போய்க் கேட்டு வந்து "சிக்கன் ஸ்டாக்" என்றார்கள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் வாய் கொப்பளித்து வந்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு பில்லில் சோற்றை எடுத்துவிட்டார். இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அபுதாபி_ரிட்டர்ன் எழுதியது:

அடடா. போனில் எடுப்பவர் பெரும்பாலும் மேசை புக் பண்ணுகிற பிள்ளை, சமையல் தெரியாது. "வெஜிட்டேரியனா" என்று கேட்டால் கண்ணுக்குத் தெரிகிற கறி இல்லை என்பதுதான் அவர்களுக்கு அர்த்தம். "கோழி வேகவைத்த தண்ணீர் சேருமா" என்று கேள்வியை உடைத்துக் கேட்க வேண்டும். நாங்கள் ஹலாலுக்கு அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

முன்னாள்_கிச்சன்கை எழுதியது:

வருத்தமாக இருக்கிறது. அடுத்த தடவை சோறே வேண்டாம், ரொட்டி போதும். சோறு இந்த மேசையில் கட்டாயமில்லாத பொருள். நமக்குத்தான் அது இல்லாமல் முடிந்த மாதிரி இருக்காது.

எட்ஜ்வேர்வாசி எழுதியது:

இனிப்பு என்ன சாப்பிட்டீர்கள்?

கோவைக்கிளி எழுதியது:

க்னாஃபே. சூடான சீஸ் மேல் ரவை மாவு, மேலே பாகு. மாமனார் "ஜிலேபியில் பாலாடைக்கட்டி வைத்த மாதிரி" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தட்டு கேட்டார். மாமியார் தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். சீஸில் ரென்னெட் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை) இருக்குமோ என்று எனக்கும் சந்தேகம், வற்புறுத்தவில்லை. (சீஸ் சம்பூசக்கையும் அதனால்தான் அவரிடம் நீட்டவில்லை.) அவருக்கு ஆரஞ்சுப் பூத் தண்ணீர் ஊற்றிய வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், காப்பியே இல்லாத 'வெள்ளைக் காப்பி'. அது பிடித்திருந்தது.

காரசாரம் எழுதியது:

ஒரு சந்தேகம். ஹம்முஸ் எங்களுடையது என்று இஸ்ரேல்காரர்களும் சொல்கிறார்களே?

ஹாரிஸ்பார்க்_பழையவர் எழுதியது:

அந்தச் சண்டையைக் கிளப்பாதீர்கள், இழை பூட்டப்பட்டுவிடும். 2010 ஜனவரியில் இஸ்ரேலின் அபு கோஷ் கிராமத்தில் நாலு டன்னுக்கு மேல் ஹம்முஸ் செய்து கின்னஸ் வாங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் லெபனான்காரர்கள் 10,452 கிலோ செய்து அதை முறியடித்தார்கள். 10,452 என்பது கண்ணுக்குத் தோன்றிய எண் இல்லை, அவர்கள் நாட்டின் பரப்பளவு அத்தனை சதுர கிலோமீட்டர். இவ்வளவு ரோஷம் உள்ளவர்களிடம் போய் அது யாருடையது என்று கேட்கிறீர்கள்.

புதுசு_டூங்காபி எழுதியது:

முழு இழையும் படித்தேன், அருமை. இரவுச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேர் சேர்க்கும் வசதி எனக்கு இல்லை, இங்கே தனியாள். ஒருவர் மட்டும் போய் லெபனான் சாப்பாடு சாப்பிட வழி உண்டா? நானும் சைவம்தான்.

முன்னாள்_கிச்சன்கை எழுதியது:

காலையில் போங்கள். மெஸ்ஸேக்குக் கூட்டம் வேண்டும், மனூஷே என்கிற காலை ரொட்டிக்கு வேண்டாம். கிரான்வில், மேரிலேண்ட்ஸ், பாங்க்ஸ்டவுன் எங்கு பார்த்தாலும் லெபனான் பேக்கரி இருக்கும். மாவைத் தட்டி, ஜாதாரை ஆலிவ் எண்ணெயில் குழைத்துப் பூசி, உங்கள் கண்முன்னே அடுப்பில் தள்ளி எடுப்பார்கள். ஜாதார் என்றால் காட்டுத் தைம் இலை, சுமாக், எள், உப்பு சேர்ந்த பொடி. 2023இல் யுனெஸ்கோ மனூஷேயை லெபனானின் மரபாகத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பேக்கரியில் இன்னும் மலிவு விலைதான். தக்காளி, வெள்ளரி, புதினா, ஆலிவ் உள்ளே வைத்து மடித்துக் கேளுங்கள். பாதி ஜாதார், பாதி சீஸ் என்றும் போட்டுத் தருவார்கள். 'லஹ்ம் பி அஜீன்' என்று எழுதியிருந்தால் கொத்துக்கறி, அது அதே அடுப்பில்தான் வேகும், அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்பது உங்கள் முடிவு.

யாழ்_மேரிலேண்ட்ஸ் எழுதியது:

ஞாயிறு பூசை முடிந்து சனம் வருமுன் போங்கோ, பேந்து வரிசை வாசல் தாண்டி நிற்கும். காசு கொஞ்சம் கையில் வைத்திருங்கள், கார்டு எடுக்காத கடைகள் இப்பவும் இருக்கின்றன.